தாத்தா தங்காத சத்திரம்

போன ஜூலையில் இரண்டு நாள் குற்றாலம் போயிருந்தேன். குளிக்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில் எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் ஒரு கதையைச் சரிபார்க்கத்தான் போனேன்.

கதை இதுதான். என் அப்பாவைப் பெற்ற தாத்தா தூத்துக்குடியில் ஜோடி மாட்டு வண்டி வைத்திருந்தார். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மேற்கே செங்கோட்டைச் சந்தை வரை போவார். திரும்பும்போது மூங்கில், பலாப்பழம், தேங்காய் என்று கிடைத்ததை ஏற்றி வருவார். வழியில் எத்தனையோ சத்திரங்கள் இருந்தும் அவர் ஒன்றிலும் தங்கியதில்லை. "தாத்தாவுக்கு வண்டிக்கு அடியில சாக்கு விரிச்சாத்தான் ஒறக்கம் வரும்" என்று ஆச்சி சொல்லும். சின்ன வயதில் அதைக் கேட்டு நானும் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறேன். தாத்தா மாதிரியாம்.

ஆச்சி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகமே வந்தது. அவருக்கு உண்மையிலேயே அங்கேதான் தூக்கம் வந்ததா?

கவுண்டரில் ஒரு கேள்வி

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சர், தென்காசியில் இறங்கி பஸ். மெயின் அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய லாட்ஜ். பெயர் வேண்டாம். மரப்படி, சிவப்புத் தரை, நடுவில் முற்றம். சீசன் நேரம் என்பதால் ரேட்டு இரண்டு மடங்கு.

மேனேஜர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பெயர், வயது, முகவரி, வந்த நேரம், கையெழுத்து. ஆதார் நகல் ஒன்று. எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தூத்துக்குடியா அண்ணாச்சி? தூத்துக்குடியில எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"பூர்வீகமே அதுதானா? அப்பா என்ன தொழிலு? தாத்தால்லாம்?"

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி வரிசை பழக்கம்தான். ரிஜிஸ்டரில் இல்லாத கட்டத்தை வாய்வழியாக நிரப்புவது. சில சமயம் வெறும் பேச்சுத்துணைக்கும் கேட்பார்கள். இரண்டில் எது என்று கேட்பவருக்கே தெரியாத நேரமும் உண்டு.

"தாத்தா வண்டி ஓட்டினாரு. உப்பு வண்டி. இந்தப் பக்கம்தான் வருவாரு" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஆறாம் நம்பர். வெந்நி காலைல ஆறரைக்கு வரும். குடை வேணும்னா கேளுங்க, சாரல் நிக்காது." நல்ல மனிதர். குடையும் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நொடி யோசனை மட்டும் என்னோடு மாடிக்கு ஏறி வந்தது.

கணக்கு

நான் மென்பொருள்காரன். எதையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. தூத்துக்குடி – திருநெல்வேலி சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் வழியாகத் தென்காசி 55 சொச்சம். அப்புறம் செங்கோட்டை. மொத்தம் 110–115 என்று வையுங்கள். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 20–25 கிலோமீட்டர் போகும். வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் பூட்டினால் நடுச்சாமம் வரை ஓட்டம். அச்சில் ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். பிறகு அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும் காட்டிவிட்டுப் படுக்கை.

ஆக போக ஐந்து இரவு, வர ஐந்து இரவு. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை போவார் என்று ஆச்சி சொல்லும். ஏழு என்றே வைத்தாலும் 70 இரவு. சுமார் இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். 1,400 இரவுகள்.

லாட்ஜ் மெத்தையில் படுத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மேற்கே ஏன் எல்லோரும் போனார்கள்?

குற்றாலம் உண்மையில் மலைமேல் இருக்கிற ஊர் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான். ஆனால் காற்று மட்டும் மலையூர்க் காற்று. காரணம், பக்கத்தில் இருக்கிற ஆரியங்காவுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்த, இந்தச் சந்து வழியாக மட்டும் ஈரக்காற்று கிழக்கே கசிகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூத்துக்குடியில் செம்மண் புழுதி பறக்கும்போது, 110 கிலோமீட்டர் தள்ளி இங்கே சாரல். நம்ம கடற்கரைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். பனிமய மாதா கோவில் கொடியேற்றம் ஜூலை 26. திருவிழா ஆகஸ்ட் 5. பனியையே பார்த்திராத ஊர் பனிமாதாவுக்குத் திருவிழா எடுக்கும் அந்தப் பத்து நாளும் குற்றாலத்தில் உச்ச சீசன்.

இன்னொரு உறவும் உண்டு. மெயின் அருவியாக விழும் சிற்றாறு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை அந்த ஆற்றின் வாயில்தான் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் மேடிட்டு, இன்று கடல் கொற்கையை விட்டுச் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. அருவி விழும்போது பாதியில் ஒரு பள்ளத்தில் மோதிக் கொந்தளிக்கிறதே, அந்த இடத்துக்குப் பெயர் பொங்குமாகடல். மலைக்கு நடுவில் கடல் என்று பெயர் வைத்தவன் நம்ம பக்கம் வந்துபோன ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

கும்பினிக்காரர்களுக்கும் இந்தக் காற்று பிடித்துப்போனது. வெறும் காற்றுக்காக மட்டும் வரவில்லை. இதில் தூத்துக்குடிக்கு ஒரு பங்கு உண்டு. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். அதே டச்சுக்காரர்கள் கிராம்பையும் ஜாதிக்காயையும் மலுக்காத் தீவுகளுக்கு வெளியே விளையவிடாமல் காவல் காத்துவந்தார்கள். 1796-ல் ஆங்கிலேயர் அம்போன், பண்டா தீவுகளைப் பிடித்ததும் அந்தக் காவல் உடைந்தது. 1800 வாக்கில் கிராம்பு இந்தியாவுக்கு வந்தபோது, கும்பினி அதை நட்ட தோட்டம் குற்றாலத்தில். 1825-ல் தூத்துக்குடியும் டச்சுக்காரர் கையிலிருந்து ஒரேயடியாக ஆங்கிலேயருக்குப் போனது. இன்றும் சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தான் விற்கிறார்கள் இல்லையா, வெளிநாட்டு மரங்கள் இங்கே வேர் பிடித்த கதையின் மிச்சம் அது.

அதிகாரிகள் வந்தார்கள், பங்களாக்கள் எழுந்தன. வெள்ளைக்காரத் துரைமார் ஊர் ஊராகப் போகும்போது தங்குவதற்குச் சர்க்கார் கட்டியது முசாபரி பங்களா. முசாபர் என்றால் பயணி. வாசலில் பெயர் 'பயணியர் பங்களா'. பயணி என்று யாரைச் சொல்கிறார்கள் என்பது சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச காலத்தில் துரைமாரின் ஆசை இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர்கள் தேடிப்போன குளிர் அது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின் கோடை ரோடு ஸ்டேஷனுக்குப் போவது சுலபமாகிவிட்டது. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மனைவியோடு கிளம்பியது கொடைக்கானலுக்குத்தான். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக வண்டிக்குள் காத்திருந்தபோது வாஞ்சிநாதன் சுட்டார். வாஞ்சியின் ஊர் செங்கோட்டை, குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். கலெக்டர் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று மட்டும் கவனித்ததில்லை.

சத்திரம் யாருக்கு?

துரைக்குப் பங்களா. மற்றவர்களுக்குச் சத்திரம். ஆனால் அந்த 'மற்றவர்கள்' யார் யார்?

தென்பாண்டியில் சத்திரம் என்றாலே நினைவுக்கு வருவது ராணி மங்கம்மாள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்டவர். சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார் என்று இன்றும் சொல்கிறோம். மதுரை ஜங்ஷன் எதிரில் அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. பிறகு ஜமீன்தார்களும் வியாபாரிகளும் தர்மத்துக்குக் கட்டினார்கள். 1884-ன் லோக்கல் போர்டு சட்டம் வந்தபின் பல சத்திரங்கள் ஜில்லா, தாலுகா போர்டுகளின் பொறுப்பில் நடந்தன. அதாவது சாலைவரி கட்டியவன் பணத்தில். வண்டிக்காரனும் கட்டியிருப்பான்.

ஒரு சத்திரத்தின் அமைப்பை வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் பாருங்கள். ரோட்டோரம் சுமைதாங்கி: இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கவும் தூக்கவும். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். அடுத்து, மாட்டுக்குக் கல்தொட்டி. அதையடுத்து கிணறு. பிறகு திண்ணை. அதற்கும் உள்ளே கூடம், கடைசியாக சமையல்கட்டு, பந்தி. சுமைதாங்கியும் கல்தொட்டியும் யாருக்கும் பொது. கிணற்றடியில் கேள்வி தொடங்கும். திண்ணையில் கேள்வி கூடும். பந்தியில் பெரும்பாலும் பிராமணர்களுக்கே இலை விழும். எத்தனை அடி உள்ளே போகலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது.

என்னை ஏற்றிவந்த செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவியில் நின்றபோது ஜன்னல் வழியே போர்டைப் பார்த்தேன். வ.வே.சு. ஐயர் 1922-ல் குருகுலம் தொடங்கிய ஊர். காங்கிரஸ் பணமும் சேர்ந்த தேசியப் பள்ளி. பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு என்ற விஷயம் வெளியே வந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டு, மாகாண அரசியலையே புரட்டிப்போட்டது. சுதந்திரத்துக்காக நாடு விட்டு நாடு அலைந்த ஒருவர் நடத்திய இடத்தின் பந்தியிலேயே அதுதான் நிலைமை. ரோட்டோரச் சத்திரத்துக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

1938-ல் ராஜாஜி மந்திரிசபைக் காலத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டம் பொதுக்கிணறு, குளம், சாலை போன்றவற்றில் ஒதுக்கிவைப்பதைத் தடை செய்தது. 1950-ல் அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே எழுதியது. 1955-ன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி போய், தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று தங்குமிடங்களின் பெயர்களையும் பட்டியல் போட்டது. ஒவ்வொரு வாசலாகப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், ஒவ்வொரு வாசலிலும் ஆள் நிறுத்தப்பட்டான் என்றுதானே அர்த்தம்?

தாத்தா வண்டி ஓட்டியது கிட்டத்தட்ட இந்தச் சட்டங்களின் காலம் முழுக்க. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகளின்போதும் வண்டி வைத்திருந்தார். முகாமுக்கு வெளியூர் வியாபாரிகள் குவிவார்கள், சிப்பி அழுகும் நாற்றம் தாங்காது, ஆனால் வண்டிக்குக் கிராக்கி என்று ஆச்சி சொல்லியிருக்கிறது. கெஜட்டியர்களில் முத்து வியாபாரியின் கொட்டகை வரும், துரையின் பங்களா வரும். வண்டிக்காரன் படுத்த இடத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

புளியமரத்தடி

மறுநாள் சித்தப்பா மகன் பைக்கோடு வந்தான். திரும்பும் பயணம் தாத்தா ரோட்டில். தென்காசியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாவூர்ச்சத்திரம். இன்று பெரிய காய்கறிச் சந்தை, ரயில்வே ஸ்டேஷன், பஸ் இரைச்சல். ஊருக்கே பெயர் கொடுத்தது ஒரு சத்திரம். அந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம், வடக்கே சுங்குவார்சத்திரம் என்று தமிழ்நாட்டு வரைபடத்தில் சத்திரங்களைத் தேடினால் பழைய சாலைகளே தெரிய ஆரம்பிக்கும்.

நான் தேடிய சத்திரம் அதற்கும் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்தது. ஊர் பெயர் சொல்லவில்லை. சந்ததிகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அப்பா தன் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை தாத்தாவோடு வண்டியில் போனபோது பார்த்த இடம். "முன்னால கல்தொட்டி, எதிர்ல பெரிய புளியமரம்" என்று அடையாளம் சொல்லியிருந்தார். கட்டடம் இப்போது உரக்கடையின் குடோன். ஓடு பாதி இல்லை. திண்ணையை இடித்து ஷட்டர் போட்டிருக்கிறார்கள். கல்தொட்டி மட்டும் அப்படியே இருக்கிறது, உள்ளே மழைத்தண்ணீர், பிளாஸ்டிக் கப்பு.

எதிரில் டீக்கடை. உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். உப்பு வண்டி பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"கீழ்க்கடல் வண்டிகளா? வரிசையா வருமே. ராத்திரி சலங்கைச் சத்தம் கேட்டாலே நாங்க பயலுவ ஓடியாருவோம். கருவாடு ஒண்ணு ரெண்டு கிடைக்கும்."

"வண்டிக்காரங்க சத்திரத்துல தங்குவாங்களா தாத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தைக் கையால் காட்டினார்.

"அங்கதான் புளியமரம் நின்னுது. மாடு இந்தத் தொட்டியில தண்ணி குடிக்கும். ஆளுக்கு அங்கிட்டு."

"ஏன்?"

"அது அப்பத்த வழக்கம் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "மழைன்னா வண்டிக்கு அடியில போயிருவாங்க" என்றார்.

மாடு உள்ளே, ஆள் வெளியே. மாட்டுக்குச் சாதி இல்லை என்பதால் தொட்டிவரை வந்துவிட்டது.

சித்தப்பா மகன் டீக்குக் காசு கொடுக்கப் போனான். நான் தொட்டியில் கை வைத்து நின்றேன். கல் குளிர்ந்திருந்தது. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை மாடு கழுத்தை வைத்ததோ.

வரும் வழியெல்லாம் ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எல்லாம் தெரிந்திருக்கும். தாத்தா ஒரு தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் பேரனிடம் சொல்லும்போது அவமானத்தைக் கழித்துவிட்டு, விருப்பம்போல மாற்றிச் சொல்லியிருக்கிறது. "விடமாட்டாங்க" என்பதை "ஒறக்கம் வராது" என்று. என் தாத்தா வெளியே நிறுத்தப்பட்டவர் என்று தெரியாமலே வளர்ந்தேன். வானத்தைப் பார்த்துத் தூங்கப் பிடித்த ஒரு மனிதரின் பேரனாக வளர்ந்தேன். அது ஆச்சி எனக்குச் செய்த நல்லதா, இல்லை என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டதா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "அந்தத் தடவை மழை பெஞ்சுது. நான் திண்ணையில ஏறி நின்னேன். இறங்குன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை, என்னைத் தூக்கிட்டு வந்து வண்டிக்கு அடியில படுக்கவச்சாரு" என்றார். இதை அவர் எழுபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அடையாளம் சொன்னபோதுகூட கல்தொட்டியையும் புளியமரத்தையும்தான் சொன்னார், திண்ணையைச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு "அவருக்கு அதுதான் பிடிக்கும்" இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் என் எக்செல்லில் 1,400-க்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து, அப்பாவின் அந்த ஒரு இரவையும் எழுதி வைத்திருக்கிறேன்.